ஆய்வுகூடத்திலும் அரைப் பேர்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

ஹட்டனுக்கு அருகிலுள்ள தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, பேராதனையில் விலங்கியல் படித்து, ஜேர்மனியில் கலாநிதிப் பட்டம் பெற்ற நான், இப்போது அங்கேயே ஒரு நரம்பியல் ஆய்வுகூடத்தில் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். விடுமுறைக்கு வந்திருக்கும் நிலையில் தோட்டத்து வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன்.

பழ ஈக்களின் உறக்கமே என் ஆய்வு. ஒவ்வோர் ஈயையும் ஒரு சிறு கண்ணாடிக் குழாயில் விட்டு, குறுக்கே பாயும் அகச்சிவப்புக் கதிரை அது கடப்பதைக் கணினி எண்ணும். ஐந்து நிமிடம் அசையாதிருந்தால் உறங்குவதாகக் கொள்வோம். கலப்புச் செய்யக் கன்னி ஈக்கள் வேண்டும் என்பதால், 25 பாகை செல்சியசில் கூட்டை விட்டு வெளிவந்த பெண் ஈக்களை ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்குள் பிரித்தெடுத்தாக வேண்டும்; ஞாயிறோ தீபாவளியோ அதற்குக் கிடையாது. இந்த உழைப்பை நான் குறைகூறவில்லை. குறிப்பிட்ட சில நரம்புக் கலங்களை அடக்கினால் உறக்கம் குறைகிறது என்று எனக்கு முன் இருந்தவர்கள் கண்டதை வைத்தே என் திட்டம் அமைந்தது. ஆனால் ஈக்களின் மரபணுப் பின்னணியைச் சீராக்கி மீண்டும் சோதித்தபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. கட்டுரை எதுவும் வெளிவரவில்லை.

ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக நியமனங்களுக்கு அந்நாட்டுச் சட்டம் பொதுவாக ஆறு ஆண்டுகளையே அனுமதிக்கிறது. அந்த எல்லையையும் நெருங்கிவிட்டேன். பல மாதங்களாக, விடியற்காலை மூன்று மணிக்கு விழித்தால் பிறகு உறக்கம் வருவதில்லை. ஓய்வு பெறும்வரை கொழுந்து பறித்த அம்மா இப்போது படியேறவே சிரமப்படுகிறார். அவர் முன்னால், நாற்காலியில் அமர்ந்து ஈ பார்க்கிற நான் களைப்பு என்று சொல்ல வாய் கூசுகிறது. என் வேலை நிரந்தரமானது என்று தம்பி அவரிடம் சொல்லி வைத்திருக்கிறான். வீட்டுக் கடனும் என் பணத்தில்தான் நடக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

இப்படிக்கு,
ஹட்டன் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ஆய்வைப் பற்றி எழுதும்போது உங்களிடம் இருக்கும் நிதானம், உங்களைப் பற்றி எழுதத் தொடங்கியதும் காணாமற் போகிறது. அந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கு ஓர் ஊகம் உண்டு. தோட்டத்தில் குறித்த கிலோ நிறையாவிட்டால், நாள் முழுதும் மலையில் நின்றவருக்கும் அன்று அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அதே தராசை நீங்கள் ஆய்வுகூடத்துக்கும் கொண்டு போயிருக்கிறீர்கள். கட்டுரை வராத காலமெல்லாம் உங்கள் கணக்கில் அரைப் பேர். ஆனால் வறட்சியில் கொழுந்து குறைந்த நாட்களில் அம்மாவின் கை சோம்பியிருந்தது என்று நீங்கள் ஒருபோதும் சொல்லமாட்டீர்கள் அல்லவா? அவருக்கு வழங்கத் துணியாத தீர்ப்பை உங்களுக்கு மட்டும் வழங்குவது எந்த நியாயம்?

உங்கள் துறையின் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. உடலுக்குள் இயங்கும் நாட்கடிகாரம் பிறழ்ந்த ஈக்களைப் பற்றி ஆய்வாளர்களான ரொனால்ட் கொனொப்காவும் சீமோர் பென்சரும் எழுதியது 1971இல்; அதற்குக் காரணமான மரபணு பிரித்தெடுக்கப்பட்டது 1984இல்; அந்த வழியில் தொடர்ந்த மூவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது 2017இல். முதலிருவரும் அதற்குள் காலமாகிவிட்டார்கள். கொனொப்காவோ நிரந்தரப் பதவி கிடைக்காமல் கல்வித்துறையை விட்டே விலகியவர். இதை ஆறுதலாகச் சொல்லவில்லை, உண்மையில் இது சற்றுக் கசப்பான கதை. பதவி வேறு கணக்கு, ஆய்வின் மதிப்பு வேறு கணக்கு என்பதற்காகவே சொல்கிறேன். ஆறாண்டு எல்லை ஒரு தொழிற் சட்டம். அது உங்கள் திறமையை அளந்து போடப்பட்டதல்ல. மறைந்துபோன அந்த வேறுபாடும் ஒரு முடிவுதான். அத்தகைய முடிவுகளை ஏற்கும் ஆய்விதழ்கள் இருப்பதால், அதைக் குறுங்கட்டுரையாக்குவது பற்றி உங்கள் ஆய்வுத் தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

உறக்கத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். வாரத்தில் மூன்று இரவுகளேனும், மூன்று மாதங்களாக இப்படி நிகழ்ந்தால் அது நாட்பட்ட உறக்கமின்மை. மாத்திரைக்கு முன்னதாகப் பரிந்துரைக்கப்படுவது, உறக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் அறிதல் நடத்தைச் சிகிச்சை. அதை இங்கிருந்தே தொடங்கலாம்: விழித்துக்கொண்டு படுக்கையில் புரளாமல் எழுந்து அமருங்கள், கண் சொருகும்போது மட்டும் திரும்புங்கள், எப்படி உறங்கினாலும் ஒரே நேரத்தில் எழுங்கள். உறக்கம் பறிக்கப்பட்ட ஈ மறுநாள் கூடுதலாக உறங்கி ஈடுசெய்யும். நீங்கள் அதைப் பகலில் செய்ய முயன்றால் அடுத்த இரவும் கெடும். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் எப்போதேனும் தலைகாட்டினால் காத்திராமல், இலங்கையில் இருக்கும்போது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.

அம்மாவிடம் மறைப்பதுதான் உங்களை அதிகம் தின்கிறது என்று நினைக்கிறேன். விழித்திருக்கும் இரவில் எந்த முடிவும் எடுக்காமல், பகலில் ஒரு தாளில் மூன்று விடயங்களை எழுதுங்கள்: ஒப்பந்தம் முடியும் திகதி, விண்ணப்பிக்கப்போகும் இடங்கள் (பேராதனை உட்பட, அங்கு திரும்புவதைத் தோல்வி என்று யாரும் சொல்லவில்லை), கையிலுள்ள பணம் எத்தனை மாதக் கடன் தவணைக்குப் போதும் என்பது. மன்னிப்புக் கேட்கும் குரலில் அல்லாமல் இந்தக் கணக்கோடு பேசினால், மாதச் சம்பளம் ஏறி இறங்குவதைக் கண்டே குடும்பம் நடத்திய ஒரு பெண் அதைத் தாங்கிக்கொள்வார் என்றே நம்புகிறேன். முதலில் தம்பியிடம் பேசுங்கள். நிரந்தரம் என்று சொன்னவர் அவர் என்பதால், அம்மாவிடம் அதைத் திருத்திச் சொல்வதும் அவராகவே இருக்கட்டும். நீங்கள் அருகிலிருந்து மீதியைச் சொல்லுங்கள், புறப்படும் நாளுக்கு முந்தின இரவுவரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
ஆலோசகர், கண்டி