மாத்திரையை மறைத்து எடுத்த பாலிசி

கேள்வி: என் மனைவிக்கு 36 வயது, தனியார் பள்ளியில் வேலை. இரண்டு வருடமாக மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் அவர் பெயரில் 15 லட்சத்துக்கு கிரிட்டிக்கல் இல்னஸ் பாலிசி வாங்கினோம். மாத்திரை விஷயத்தை எழுத வேண்டாம் என்றார் ஏஜென்ட். மனநோய் முற்றினால் இந்தப் பணம் கிடைக்குமா? (மதுரை வாசகர்)

பதில்: கிடைக்காது. பட்டியலில் உள்ள நோய் வந்தால் மட்டும் மொத்தமாகப் பணம் தருகிற பாலிசி இது. புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்று போகும் அந்தப் பட்டியலில் மன அழுத்தம் பொதுவாக இருப்பதில்லை.

எனக்கு அதைவிடக் கவலை, மாத்திரையை மறைத்ததுதான். நாளைக்கு உங்கள் மனைவிக்கு, வரவே வேண்டாம், புற்றுநோய் என்று க்ளைம் போட்டாலும் கம்பெனி கேட்பது ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டை. அட்மிஷன் போடும்போது டியூட்டி டாக்டர் "என்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா" என்பார், இவரும் உள்ளதைச் சொல்வார், 'செர்ட்ராலின் 50, இரண்டு வருடமாக' என்று ஒரு வரி ஏறிவிடும். படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடித்த கட்டத்தை அதன் பக்கத்தில் வைத்து, உண்மையை மறைத்தீர்கள் என்று க்ளைமை மறுக்க நாமே இடம் கொடுத்ததாகிவிடும். இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று அப்புறம் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற ஓம்பட்ஸ்மேன்வரை போய் வாதாடலாம், ஆனால் கீமோவுக்கு அலைகிற வீட்டில் யாருக்கு அந்தத் தெம்பு இருக்கும்? கையெழுத்தும் உங்கள் மனைவியுடையது, ஏஜென்ட்டுடையது இல்லை.

போன வாரம்தான் வாங்கினீர்கள், அதனால் வழி இருக்கிறது. மருந்துச் சீட்டை இணைத்து, இது விடுபட்டுவிட்டது, சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கம்பெனிக்கு இன்றே மெயில் அனுப்புங்கள். ஏற்றுக்கொண்டால் எழுத்தில் வாங்குங்கள். மறுத்தாலோ பிரீமியத்தை ஏற்றினாலோ, பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், சில பிடித்தங்கள் போக மீதிப் பணம் வரும்.

சரி, மனநோய்க்கு என்ன? சாதாரண ஹெல்த் இன்சூரன்ஸ்தான். 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவுப்படி உடல் நோய்க்குத் தருகிற அதே அடிப்படையில் மனநோய் சிகிச்சைக்கும் கவர் தர வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய் என்பதால் அதிகபட்சம் 3 வருடம் காத்திருக்கச் சொல்லலாம். அதுவும் பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான். மாதாமாதம் டாக்டர் ஃபீஸ், மாத்திரைச் செலவு வேண்டுமென்றால் ஓபி கவர் உள்ள பாலிசியாகப் பாருங்கள்.

சம்பளமில்லாத லீவில் நாலு மாதம் வீட்டில் இருக்க நேர்ந்தால் இந்த இரண்டு பாலிசியும் கைகொடுக்காது. அவருடைய ஆறு மாதச் சம்பளத்தை எஃப்டியில் தனியாகப் போட்டுவையுங்கள். மாத்திரையை நிறுத்திவிட்டால் பாலிசி சுலபமாகக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள், அதை அவருடைய டாக்டர் மட்டும் சொல்லட்டும்.