போரில் நாட்டை இழந்த எஸ்தோனியர் ஒருவர் அயல்நாட்டில் எப்படி வாழ்க்கையைக் கட்டியெழுப்பினார்?

ஒருவரைச் சொல்லச் சொன்னால் நான் கட்டடக்கலைஞர் ஊனோ ப்ரீயைச் சொல்வேன். 1924இல் தாலினில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போர் எஸ்தோனியாவைச் சோவியத்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே மாறி மாறிக் கைமாற்றியது. ஆயிரக்கணக்கானவர்கள் கிடைத்த படகில் ஏறித் தப்பினார்கள். இவரும் இளவயதிலேயே பின்லாந்து, சுவீடன் என்று அலைந்து, 1950 வாக்கில் கனடாவின் டொராண்டோவுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அங்கே முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்து 1955இல் பட்டம் பெற்றார். அப்புறம் சொந்தமாகத் தொழில் தொடங்கினார்.

அவர் வரைந்தவற்றில் பெரும்பாலானவை வாடகைக் குடியிருப்புகள். அந்தக் காலத்து அடுக்குமாடிகள் எல்லாம் பெட்டி பெட்டியாக நின்றபோது, இவர் கான்கிரீட்டை வளைத்தார். பிரின்ஸ் ஆர்தர் அவென்யூவில் 20ஆம் எண் கட்டடத்தைப் பாருங்கள்: வெள்ளைச் சுவர்கள் உச்சியிலிருந்து நேராக இறங்கி, அடிப்பகுதியில் பாவாடை விரிவதுபோல் அகன்று தரையைத் தொடுகின்றன. வால்மர் சாலையில் 44ஆம் எண்ணில் பால்கனிகள் அலை அலையாக ஓடும். சாதாரண வாடகைதாரருக்கும் அழகான வீடு வேண்டும் என்று ஒருவர் அக்கறைப்பட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

2000இல் காலமானார். எஸ்தோனியா 1991லேயே மீண்டும் சுதந்திரம் பெற்றுவிட்டது. ஆனால் அவருடைய வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் டொராண்டோவுக்குத்தான் போக வேண்டும்.