பதில்: மொறட்டுவவோ யாழ்ப்பாணமோ, எதை முதலாவதா போடுறது?

தங்கச்சி, ஏ.எல். இசட் ஸ்கோர் (கம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற புள்ளி) இஞ்சினியரிங்குக்குக் காணும், வீட்டுக்காரர் கம்பஸ் விண்ணப்பத்தில மொறட்டுவக் கம்பஸை முதலாவதாப் போடச் சொல்லீனம், உங்களுக்கோ இங்கிலிஸ் பயம், சோதினை நேரம் படபடப்பு வந்து மருந்தும் எடுக்கிறீங்கள், அதால வீட்டில இருந்தே போய்வரலாமெண்டு யாழ்ப்பாணக் கம்பஸைப் போடுவமோ எண்டு கேட்டிருக்கிறீங்கள்.

ஒண்டைக் கவனியுங்கோ, யாழ்ப்பாணக் கம்பஸெண்டாலும் இஞ்சினியரிங் ஃபக்கல்ட்டி மெயின் கம்பஸ் இருக்கிற யாழ்ப்பாணத் திருநெல்வேலியில இல்லை, கிளிநொச்சி அறிவியல்நகரில இருக்கு, ஒவ்வொரு நாளும் விடியப் பஸ் பிடிச்சுப் போய்வந்து படிக்கேலாது பிள்ளை, அங்கயும் தங்கத்தான் வேணும். இங்கிலிஸும் அப்பிடித்தான், எங்க போனாலும் இஞ்சினியரிங் இங்கிலிஸ் மீடியம்.

அதால பேரைப் பாக்காமல் ரெண்டாம் வருசப் பிள்ளையள் ஆரையும் பிடிச்சுக் கதையுங்கோ, அவைக்குத்தான் முதல் வருசக் கஷ்டம் இன்னும் ஞாபகம் இருக்கும். ஹொஸ்டல் எத்தினை வருசத்துக்குக் குடுக்கினம், மாணவர் ஆலோசகரைப் போய்ச் சந்திச்சால் உண்மையா இருந்து கேக்கினமோ, சோதினையண்டு வருத்தமெண்டால் மெடிக்கல் சேர்ட்டிபிக்கற் எப்பிடிக் குடுக்கிறது, தமிழில கதைக்கிற டொக்டர் கிட்ட இருக்கினமோ, இதெல்லாம் வடிவாக் கேளுங்கோ. பேராதனைக் கம்பஸையும் விட்டுடாதேங்கோ, கம்பஸுக்குப் பக்கத்திலயே போதனா வைத்தியசாலை இருக்கு, உங்கட நிலைமைக்கு அது பெரிய விசயம்.

ராகிங் பயமெண்டால், 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், யூஜிசிக்கே (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) நேர முறைப்பாடு குடுக்கலாம்.

மருந்தை மட்டும் கம்பஸ் துவங்குதெண்டு நீங்களா நிப்பாட்டாதேங்கோ. இப்ப பாக்கிற டொக்டரிட்ட ஒரு கடிதம் வாங்கி வையுங்கோ, முதல் கிழமையே ஹெல்த் சென்டரில குடுக்கலாம்.