அப்பாவுக்கு 45 வயதில் குடல் புற்றுநோய், பாட்டிக்குக் கருப்பையில். நான் மரபணுச் சோதனை எடுக்கலாமா? எடுத்தபின் அந்தப் பயத்தோடு எப்படி வாழ்வது?

எடுங்கள். இளவயதில் குடலிலும், அதே ரத்த வழியில் இன்னொருவருக்குக் கருப்பையிலும் புற்றுநோய் வந்திருந்தால் மருத்துவர்கள் முதலில் நினைப்பது லிஞ்ச் சிண்ட்ரோம். எனக்கும் அதுதான். எம்எஸ்எச்2 என்கிற மரபணுவில் பிழை, அப்பா வழியாக வந்தது.

செல் ஒவ்வொரு முறை பிரியும்போதும் டிஎன்ஏவை நகல் எடுக்கிறது. நகலில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்த எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்று சில மரபணுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக இருப்பதுதான் லிஞ்ச். நாம் புற்றுநோயோடு பிறப்பதில்லை, அது வருவதற்கான வாய்ப்போடு பிறக்கிறோம். ஆனால் அந்த வாய்ப்பு சின்னதல்ல. எம்எல்எச்1 அல்லது எம்எஸ்எச்2 பழுதானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் குடல் புற்றுநோய் வரக்கூடும். பெண்களுக்குக் கருப்பையின் உட்சுவரிலும் கிட்டத்தட்ட அதே அளவு ஆபத்து உண்டு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 சதவீத வாய்ப்பு, ஆண் பெண் வித்தியாசமில்லை.

எங்கள் ஊர் களியக்காவிளைக்குப் பக்கம். 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் நடுவே எல்லை வந்தது, உறவு அப்படியேதான் இருக்கிறது. இந்தப் பக்கம் பெண் எடுப்போம், அந்தப் பக்கம் கொடுப்போம். தாத்தா நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் 'வயித்துக் கட்டி' என்ற பெயரில் இறந்தார். நெய்யாற்றின்கரையில் வாழ்க்கைப்பட்ட அத்தைக்குக் கருப்பையில் வந்து திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். அப்புறம் அப்பா. மூவரின் சீட்டுகளும் மூன்று வீட்டு அலமாரிகளில் கிடந்தன. அப்பாவுக்கு அறுவை சிகிச்சை முடிந்தபிறகு ஒரு இளம் மருத்துவர், "வீட்டில வேற யாருக்கெல்லாம் இருந்துச்சு, எத்தனை வயசுல?" என்று உட்கார வைத்துக் கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது என்று நம்புகிறேன்.

இந்த நோயின் வரலாறே இப்படி ஒருவர் வாய் திறந்ததில் தொடங்கியதுதான். 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், தன் குடும்பத்தில் எல்லோரும் இப்படித்தான் சாகிறார்கள், நானும் குடல் அல்லது கருப்பைப் புற்றுநோயில் இளவயதிலேயே போய்விடுவேன் என்று ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற மருத்துவரிடம் சொன்னாள். அவர் அதைத் தட்டிக்கழிக்காமல் குடும்பத்தையே எழுதிவைத்தார், 1913-ல் வெளியிட்டார். சொன்னபடியே அந்தப் பெண் கருப்பைப் புற்றுநோயில் இறந்தாள். பிறகு ஹென்றி லிஞ்ச் அதே குடும்பத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார், 1990களில் மரபணுக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைப்பேன். அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்திருக்கிறது.

கிடைத்ததில் பெரியது கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயை விட்டுக் குடலின் உள்ளே பார்ப்பது. சாதாரணமாக ஒரு பாலிப் (குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்னக் கட்டி) புற்றாக மாறப் பத்து வருடம் போல ஆகும். நமக்கு ஒன்று முதல் மூன்று வருடத்திலேயே ஆகிவிடலாம். அதனால்தான் 20–25 வயதிலிருந்தே ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள் (எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்றால் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கலாம்). பாலிப்பைக் கண்டால் அங்கேயே எடுத்துவிடுவார்கள். சோதனையை விட முந்தின நாள்தான் கஷ்டம். நார், விதை எதுவும் கூடாது. மரச்சீனியும் மீன் குழம்பும் அன்று கிடையாது. கஞ்சித் தெளிவும் இளநீரும்தான். குடலைச் சுத்தமாக்கும் பெக்லெக் பொடியை 2 லிட்டர் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அதைக் குடித்துவிட்டு மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏற நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு ராத்திரி ரூம் போடுங்கள், அந்தச் செலவு வீணில்லை.

மாத்திரை ஏதும் உண்டா என்றும் கேட்பீர்கள். இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் ஜான் பர்ன் தலைமையில் பல நாடுகளில் நடந்த கேப்2 ஆய்வில் லிஞ்ச் உள்ள 861 பேரில் ஒரு பாதிக்குத் தினமும் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின், மறுபாதிக்கு வெற்று மாத்திரை கொடுத்தார்கள். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் ஆஸ்பிரின் குழுவில் 9 சதவீதம் பேருக்கும் மற்றக் குழுவில் 13 சதவீதம் பேருக்கும் குடல் புற்றுநோய் வந்திருந்தது. ரத்தக்கசிவு ஆபத்து இருப்பதால் மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். அதே ஆய்வில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தையும் சோதித்தார்கள். குடல் புற்றுநோய் குறையவில்லை, ஆனால் இரைப்பை, கணையம் போன்ற மேல் வயிற்றுப் புற்றுநோய்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அந்தச் சத்து அதிகம் பழுக்காத வாழையில் இருக்கிறது. ஏத்தங்காய் நம் ஊரில் எந்தக் கடையில் இல்லை!

உங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாதவிலக்குக்கு இடையில் ரத்தம் பட்டாலோ, நின்றபிறகு மறுபடி பட்டாலோ அதே வாரம் போய்க் காட்ட வேண்டும். என் அத்தை வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்தாள். குழந்தைகள் பெற்று முடித்தபிறகு, 40 வயதை ஒட்டிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிடலாம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சினைப்பையை ஸ்கேனில் கண்காணிப்பது நம்பகமானதல்ல. யோசித்துவிட்டேன், எடுக்கப்போகிறேன்.

உண்மையில் எனக்குக் கடினமாக இருந்தது குடல் அல்ல, குடும்பம். அண்ணனுக்குச் சோதனை எடுக்கச் சொன்னபோது மைனி தடுத்தார்கள். "பிள்ளைக்குச் சம்பந்தம் பேசிட்டிருக்கிற நேரத்துல இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும்?" நான் சொன்னேன்: "மைனி, அண்ணனுக்கு இல்லைன்னு வந்துட்டா பிள்ளைக்கும் இல்லை. இது தலைமுறை தாண்டிக் குதிக்காது." எங்கள் குடும்பத்தின் பிழை எதுவென்று ஏற்கெனவே தெரியும் என்பதால் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவும் குறைவு. அண்ணனுக்கு இல்லை. அந்தப் பிள்ளை இனி இதை நினைக்கவே வேண்டாம். அத்தை மகளுக்கு இருந்தது. முதல் கொலோனோஸ்கோபியிலேயே பாலிப் கண்டு எடுத்துவிட்டார்கள்.

கல்யாணத்துக்காக மறைக்கிறோம் என்பவர்கள் இதையும் கேட்க வேண்டும். முறைப்பெண், முறைமாப்பிள்ளை சம்பந்தம் நம்மிடம் இன்னும் உண்டு. இரண்டு பேரிடமும் அதே பிழை இருந்தால், பிள்ளைக்கு இரண்டு நகலும் பழுதாகப் போக 25 சதவீத வாய்ப்பு. அப்படிப் பிறக்கும் குழந்தைக்குச் சின்ன வயதிலேயே மூளையிலோ ரத்தத்திலோ குடலிலோ புற்றுநோய் வரலாம். கல்யாணப் பேச்சு எடுக்கிற நேரம்தான் இதைப் பேச வேண்டிய நேரம்.

பயம் எப்போதும் இருப்பதில்லை. சோதனைத் தேதி நெருங்கும்போது வரும், முடிவு நல்லபடியாக வந்ததும் போய்விடும். மற்ற நாட்களில் நானும் எல்லோரையும்போல வேலை, பிள்ளைகள், வீடு என்று இருக்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: சோதனையை முதலில் அப்பாவுக்கு எடுங்கள். நோய் வந்தவரிடம் பிழையைக் கண்டுபிடித்தால்தான் உங்களுக்கு 'இல்லை' என்று வரும் முடிவை நம்ப முடியும். அவர் தயங்கினால், அறுவை சிகிச்சை செய்த ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டியிலிருந்து எடுத்து மெழுகில் பதித்து வைத்த துண்டு (மெழுகுக் கட்டை) இருக்கிறதா என்று கேளுங்கள். முன்பு சொன்ன மரபணுக்கள் உண்டாக்கும் பிழைதிருத்தும் புரதங்கள் அதில் இருக்கின்றனவா என்று வருடங்கள் கழித்தும் சோதிக்கலாம். பாட்டி எந்த ஆஸ்பத்திரியில் பார்த்தார், எத்தனை வயதில் என்பதையும் அப்பாவிடம் இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.