ஒரே நாளில் ஒரு காதல்

கேள்வி: தி டிவைன் காமெடி என்ற பாப் இசைக்குழுவின் ‘ப்ராமெனாட்’ ஆல்பத்தை 2020-ல் ரீமாஸ்டர் செய்து (பழைய பதிவின் ஒலியை மெருகேற்றி) மறுபடி வெளியிட்டார்களே, பழைய சிடி வைத்திருப்பவர்கள் அதையும் வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். அந்தக் குழுவை நடத்தும் வட அயர்லாந்துப் பாடகர் நீல் ஹானன் 1994-ல் செய்த ஆல்பம் இது. காலைக் குளியலில் தொடங்கி நள்ளிரவு வரை ஒரு காதல் ஜோடி கடலோரத்தில் கழிக்கும் ஒரே நாள்தான் முழுக்கதையும். வயலின், செல்லோ, ஓபோ என்ற குழல் எல்லாம் பின்னணிக்காக ஒட்டியவை அல்ல, பாட்டை நடத்திச் செல்வதே அவைதான், அதனால்தான் ஆங்கிலேய இசையமைப்பாளர் மைக்கேல் நைமன் இசையின் சாயல் அங்கங்கே தெரியும். ‘தி புக்லவர்ஸ்’ பாட்டில் எழுத்தாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போவார், வெறும் பெயர்ப் பட்டியலை இவ்வளவு ஆசையோடு ஒருவர் பாட முடியுமா என்று இன்றும் எனக்கு ஆச்சரியம்தான்! சரி, எதை வாங்கினாலும் பாடல்களை வரிசை மாற்றாமல் கேளுங்கள்.