திட்டினாலும் திருடித் தின்னும் நாய்க்குட்டியை எப்படிப் பழக்குவது?

நான்கு மாதக் குட்டி, மேசையிலும் அடுப்பு மேடையிலும் வைப்பதையெல்லாம் எடுத்துவிடுகிறது, கையைக் கடிக்கிறது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "திட்டினால் காதை மடக்கித் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறது, தப்பென்று தெரிந்தேதான் செய்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். மற்றவற்றுக்குப் பிறகு வருகிறேன். அந்தக் கடைசி வரிதான் முதலில் பேச வேண்டியது.

அந்த முகம் குற்ற உணர்வு அல்ல. 2009-இல் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். தின்பண்டத்தைக் காட்டி "தொடாதே" என்று சொல்லிவிட்டு வளர்ப்பவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும். அவர் திரும்பும்போது, நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள். சில சமயம் அது உண்மை, சில சமயம் பொய். தின்றிருந்தாலும் தின்றிராவிட்டாலும், திட்டு விழுந்தபோது நாய்கள் அந்த முகத்தைக் காட்டின. ஒன்றையும் தொடாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அது இன்னும் பளிச்சென்று தெரிந்தது. ஆக, நாய் பதில் சொல்வது உங்கள் குரலுக்கும் நெற்றிச் சுருக்கத்துக்கும்தான். பத்து நிமிடத்துக்கு முன் காலியான தட்டையும் இப்போது காதில் விழும் திட்டையும் அது சேர்த்துப் பார்ப்பதில்லை.

அப்படியானால் திட்டுவதால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் நீங்கள் விரும்பாத பயன். நாய்கள் நம் கண்ணை மிகக் கூர்ந்து கவனிப்பவை. உணவை எடுக்காதே என்று தடுத்துவிட்டு மனிதர் பார்த்துக்கொண்டே இருந்தபோது குறைவாகவும், அவர் முதுகைத் திருப்பியபோதும் கண்ணை மூடியபோதும் அதிகமாகவும் நாய்கள் எடுத்ததை 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பின்னர், 2013-இல், உணவு இருக்கும் இடம் இருட்டாக இருந்தால் இன்னும் துணிந்து எடுக்கின்றன என்று யூலியானா காமின்ஸ்கி குழுவினர் கண்டனர். திட்டு வாங்கி வளரும் நாய், "எடுக்கக் கூடாது" என்று கற்பதில்லை. "இவர் இருக்கும்போது எடுக்கக் கூடாது" என்று கற்கிறது. என் வீட்டில் இரண்டு நாய்கள். மூத்தவன் கருப்பன் சாது. இளையவள் செம்பி அப்படியில்லை. குளியலறைத் தாழ்ப்பாள் விழும் ஓசை அவளுக்கு அத்துப்படி. அது கேட்டவுடன் அடுக்களைப் பக்கம் ஒரு நடை போய் வருவாள்.

ஒழுக்கத்தின் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் விஷயம் எளிது. ஆள் இல்லாத உணவு, நாயைப் பொறுத்தவரை, கிடைத்த உணவு. உட்காரச் சொன்னால் உட்கார்வதற்குப் பரிசு நம் கையிலிருந்து வர வேண்டும். திருட்டில் எடுத்த பொருளே பரிசு. அதுவும் என்றோ ஒரு நாள் மட்டும் கிடைக்கும் பரிசு. எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக ஆழமாக வேரூன்றச் செய்கிறது என்பதை பி. எஃப். ஸ்கின்னர் எலிகளையும் புறாக்களையும் வைத்துப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். ருசி கண்ட பூனை என்பார்கள். நாயும் அதற்குச் சளைத்ததல்ல.

அதனால் முதல் வேலை வீட்டை ஒழுங்கு செய்வது. கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் பாதி வெற்றி இதில்தான். மேசையோரம் எதையும் வைக்காதீர்கள். நாற்காலியை உள்ளே தள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஏணி. குப்பைக்கூடைக்கு அழுத்தமான மூடி வேண்டும், அல்லது அதைக் கதவுக்குப் பின்னால் கொண்டுபோய் வையுங்கள். எடுக்க ஒன்றும் இல்லாத மேடையை நாய் சில வாரங்களில் மறக்கத் தொடங்கும். ஆனால் அதற்கு முன் ஒரு கட்டத்தில் முயற்சி கூடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது இன்னும் எம்பிப் பார்க்கும். பழக்கம் முற்றிவிட்டது என்று பலர் கைவிடுவது அப்போதுதான். உண்மையில் அது தேய ஆரம்பித்ததன் அடையாளம்.

இரண்டாவது வேலை வீட்டு மனிதர்கள். எங்கள் வீட்டில் அப்பாதான் பெரிய சவால். "பாவம், எப்படிப் பார்க்கிறது பார்" என்று தட்டிலிருந்து ஒரு துண்டை மேசைக்கு அடியில் நீட்டுவார். கேட்டால், "கீழே விழுந்துவிட்டது" என்பார். ஒருவர் கொடுத்து மூவர் மறுத்தால், யாரிடம் எப்போது கிடைக்கும் என்று கணக்குப் போடுவதே நாய்க்கு வேலையாகிவிடும். கொடுக்க ஆசைப்படுபவர் கொடுக்கட்டும். ஆனால் சாப்பாடு முடிந்த பிறகு, நாயின் கிண்ணத்தில்.

இனி பயிற்சி. "விடு" என்ற ஒரு சொல் போதும், ஆனால் வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும். ஒருவர் "விடு", இன்னொருவர் "வேண்டாம்", மற்றவர் "சீ" என்றால் குட்டி எதைக் கற்கும்? ஒரு சிறு துண்டை உள்ளங்கையில் வைத்து மூடி, குட்டியின் மூக்கருகே நீட்டுங்கள். நக்கும், பிறாண்டும், செல்லமாகக் கடிக்கும். பேசாமல் இருங்கள். அலுத்துப்போய் மூக்கைப் பின்னுக்கு இழுக்கும் அந்த நொடியில் "நல்ல பிள்ளை" என்று சொல்லி, மறு கையிலிருந்து வேறொரு துண்டைக் கொடுங்கள். மூடிய கையில் உள்ளதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், காத்திருந்தால் அது கிடைக்கும் என்றுதான் குட்டி புரிந்துகொள்ளும். நாம் சொல்ல விரும்புவது வேறு: விட்டுவிட்டால் வேறு நல்லது கிடைக்கும். குட்டி தானாகவே பின்வாங்கத் தொடங்கிய பிறகுதான் "விடு" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். ஒரு முறைதான் சொல்ல வேண்டும். பாராட்டும் ஓரிரு நொடிகளுக்குள் விழ வேண்டும், தாமதித்தால் எதற்குப் பாராட்டு என்பதே குட்டிக்குத் தெரியாது.

பிறகு திறந்த உள்ளங்கை, அடுத்து தரையில் கால் மறைவில், அதன்பின் மறைவில்லாத தரை, கடைசியில் மேசை விளிம்பு. ஒவ்வொரு படியையும் புதுப் பாடமாகவே நினைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் கற்றதை நாய் அடுக்களையில் தானாகப் பொருத்திக்கொள்ளாது. பிடிவாதம் என்று நாம் பெயர் வைப்பதில் பாதி இதுதான். துண்டுகள் விரல்நுனி அளவு இருந்தால் போதும். அவற்றை அன்றைய உணவிலிருந்தே எடுத்துக்கொண்டால் குட்டி பருக்காது.

வாயில் கவ்விய பிறகு? துரத்தாதீர்கள். துரத்தினால் அது விளையாட்டாகிவிடும், அல்லது நீங்கள் நெருங்குவதற்குள் விழுங்கிவிடும். வாயைப் பிளந்து பிடுங்குவது இன்னும் மோசம். உணவருகே யார் வந்தாலும் உறுமும் நாய்கள் பல இப்படித்தான் உருவாகின்றன. பண்டமாற்றுதான் வழி. அதைவிட மணமான ஒன்றைக் காட்டினால் வாயில் உள்ளது விழும். சாதாரண நாள்களில் பொம்மையை வைத்தே இந்த மாற்றத்தைப் பழக்குங்கள். மாற்றிக்கொண்ட பிறகு பொம்மையையும் திருப்பிக் கொடுத்துவிட்டால், கையை நீட்டுபவர் பறிப்பவர் அல்ல என்று குட்டிக்குப் புரியும்.

செம்பியின் சாதனை ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவித்து ஆறவைத்திருந்த முட்டைகள் ஒரு நாள் குறைந்தன. யார் தின்றது என்று வீட்டில் பெரிய விசாரணை. அப்பாவின் மீதுதான் சந்தேகம். சில நாள்கள் கழித்து ஒரு நாற்றம் கிளம்பிச் சோபாவை நகர்த்திப் பார்த்தால், முட்டைகள் வரிசையாக, ஓடுகூட விரிசல் விடாமல் இருந்தன. திருடியதைத் தின்னவில்லை, சேமித்திருக்கிறாள். மிஞ்சும் உணவை ஒளித்து வைப்பது ஓநாய்களிடமும் நரிகளிடமும் இன்றும் உள்ள பழக்கம்; அது அவளிடம் அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது. அப்பாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கடிப்பதற்கு வருகிறேன். நான்கு மாதத்தில் பால் பற்கள் விழுந்து நிலைப் பற்கள் முளைக்கத் தொடங்கும். 28 பால் பற்களின் இடத்தில் ஏழு மாதத்துக்குள் 42 பற்கள் வர வேண்டும். ஈறு ஊறுகிறது, கிடைத்ததைக் கடிக்கிறது. ஈரத்துணியை முறுக்கிக் குளிரவைத்துக் கொடுங்கள். கையைக் கடித்தால் கத்தாமல் எழுந்து போய்விடுங்கள். விளையாட்டு நின்றுபோவதே போதுமான தண்டனை.

சிறுநீருக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால், பகலில் அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும். நீங்கள் அந்த எல்லை வரை சோதிக்க வேண்டாம். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள். சிறுநீர் கழித்தவுடன் அங்கேயே பாராட்டுங்கள். தரையைத் துடைக்க அம்மோனியா கலந்த திரவம் வேண்டாம், அதன் நெடி சிறுநீரை நினைவூட்டி மறுபடியும் அதே இடத்துக்கு அழைக்கும். நொதிகள் கலந்த துப்புரவுத் திரவம் நல்லது.

திருட்டை நான் விளையாட்டாகப் பேசினாலும் ஒன்றில் மட்டும் விளையாட்டு கிடையாது. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமைன் என்ற பொருள் நாய்க்கு நஞ்சு, அதை நாயின் உடல் மெதுவாகத்தான் வெளியேற்றும்; கருஞ்சாக்லேட் இன்னும் ஆபத்து. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். வெங்காயமும் பூண்டும், சமைத்திருந்தாலும், இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சர்க்கரையில்லாத சூயிங்கம்மில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரையை அபாயமாக இறக்கிவிடக்கூடும். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இவற்றில் எதைத் தின்றாலும் அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உறையை எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள். உப்பு கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது தனி ஆபத்து, அதைச் செய்யவே வேண்டாம்.

உங்கள் குட்டி லாப்ரடோரா என்று எழுதவில்லை. லாப்ரடோர் என்றால் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடோரிடம் பசியை அடக்கும் செய்தியைக் குலைக்கும் மரபணு மாற்றம் இருப்பதைக் கண்டறிந்தனர். தின்ற பிறகும் வயிறு நிறைந்ததாக அவற்றுக்குத் தோன்றுவதில்லை. எந்த இனமானாலும், ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று திருட ஆரம்பித்தால் குடற்புழு, நீரிழிவு, ஸ்டீராய்டு மாத்திரை என்று உடல் சார்ந்த காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

எத்தனை நாளில் சரியாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கையை மூடும் பயிற்சியை ஒரு வாரத்தில் பெரும்பாலான குட்டிகள் பிடித்துக்கொள்ளும். மேசை விளிம்பு வர மாதங்கள் ஆகும். அது வந்துவிட்டது என்று நீங்கள் நிம்மதியாகும் வேளையில் பருவ வயது வரும். 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எட்டு மாத நாய்கள் "உட்கார்" என்று அறிமுகமில்லாதவர் சொன்னதைக் கேட்டன, வளர்ப்பவர் சொன்னதைக் கேட்பதில்தான் பின்தங்கின. உங்கள் வீட்டிலும் அது நடந்தால் மனதை விடாதீர்கள், மூடிய கையிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். இரண்டாம் முறை விரைவாகவே வந்துவிடும்.