"பழக்கந்தானுங்க" என்பவரிடம் எப்படிக் கற்பது?

கேள்வி: திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் புரொடக்‌ஷன் மேனேஜராகச் சேர்ந்திருக்கிறேன். எனக்கு முன்பிருந்தவர் இன்னும் சில மாதங்களே வருவார். தையல் லைனை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "இந்த ஆர்டர் வெள்ளிக்கிழமை போகாதுங்க" என்கிறார். அப்படியே நடக்கிறது. எப்படித் தெரிந்தது என்றால், "பழக்கந்தானுங்க" என்கிறார். இதை நான் எப்படிக் கற்பது?

பதில்: அவர் எதையும் மறைக்கவில்லை. பொதுவாகக் கேட்டால் அவருக்கே சொல்ல வராது. முடிந்துபோன ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து, டீ நேரத்தில் கேளுங்கள். "அன்னைக்கு முதலில் எதைப் பார்த்தீங்க? வேறென்ன செய்யலாம்னு நினைச்சீங்க? புதுசா வந்தவர் எதைக் கவனிக்காம விட்டிருப்பார்?" தீயணைப்பு அதிகாரிகள் சட்டென முடிவெடுப்பதை ஆராய்ந்த உளவியலாளர் கேரி கிளைன் இப்படித்தான் சம்பவம் சம்பவமாகக் கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளியே வரும்: செக்கிங் டேபிளில் பீஸ் தேங்கிக் கிடந்தது, ஓவர்லாக் டெய்லர்களின் ஊரில் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டிவிட்டார்கள், வியாழக்கிழமை பாதிப் பேர் வரமாட்டார்கள்.

கேட்டால் மட்டும் போதாது. அவர் வாய் திறக்கும் முன் உங்கள் கணிப்பை நோட்டில் எழுதுங்கள். எந்த லைன் தேங்கும், எந்த லாட்டில் சாய ஷேடு மாறும், சாயங்காலம் எத்தனை பீஸ் வரும், ஏன். நம் தொழிலில் இது மிக அவசியம். சாயப்பட்டறைக்குப் போன துணி திரும்ப நாளாகும், சரக்கு வாங்கும் பையரிடமிருந்து புகார் வர மாதக்கணக்காகும். அதற்குள் நாம் நினைத்தது மறந்துபோய், "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு சொல்லிவிடும். வருஷங்கள் போயும் சிலர் தேறாததற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன்.

அவர் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நடப்பதும், சரியா தவறா என்று சீக்கிரம் தெரிவதுமான வேலையில்தான் உள்ளுணர்வை நம்பலாம் என்று கிளைனும் இன்னொரு உளவியலாளரான டேனியல் கானமனும் 2009-ல் சேர்ந்து எழுதினார்கள். தையல் லைன் அப்படிப்பட்டது. ஆளை எடுப்பதும், புது பையர் நிலைப்பாரா என்பதும் அப்படியல்ல. அங்கே அவர் அனுபவத்தைக் கேளுங்கள், ஆனால் கணக்கையும் பாருங்கள்.

அப்புறம், அவர் இருக்கும்போதே ஒரு சின்ன ஷிப்மென்ட்டை முழுக்க நீங்கள் நடத்துங்கள். பெரிய நஷ்டம் வரும் இடத்தில் மட்டும் அவர் தடுக்கட்டும். முதலாளியிடம் இதை முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள்.